சீசன் முடியிற வரைக்கும் பிரிக்காத தபால்

ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டாங்க டீச்சர், நீங்களே இருங்க. எனக்கு இந்தப் பக்கந்தான் வசதி. முன்னாடி டிரைவருக்குப் பின்னால கம்பியில முதுகக் குடுத்து உக்காந்திருக்காரு பாருங்க, நீலச் சட்டை, மடியில துண்டப் போட்டு ரெண்டு கையையும் மூடிக்கிட்டு. அவருதான் எங்க வீட்டுக்காரரு. கொண்டை ஊசி வளைவுல பஸ் திரும்பும்போது எல்லாரும் கம்பியப் புடிப்பாங்கல்ல, அவரால புடிக்க முடியாது. அதனால அந்த எடத்துல உக்காந்து ரெண்டு காலையும் முட்டுக் குடுத்துக்குவாரு. கண்டக்டருக்குத் தெரியும், அந்த சீட்ட விட்டு வைப்பாரு. மாசம் ஒரு தடவ இந்த பஸ்லதான திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போறோம்.

நீங்க டீச்சர்தான? பேப்பர் திருத்துறீங்களே. ஏறும்போதே பாத்தேன். சிவப்பு மையில இங்கிலீசுல என்னமோ எழுதிக்கிட்டு இருந்தீங்க. பாவம் புள்ளைங்க, பாத்துப் போடுங்க மார்க்க. நான் மூணாங்கிளாஸ். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். அவரு ஏழு வரைக்கும் போனாரு.

கொஞ்சம் மெதுவாப் பேசிக்கிறேன், என்ன. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.

நுகர்வோர் கோர்ட்டு கேசுங்க. கம்பெனி மேல போட்டிருக்கோம். எந்தக் கம்பெனின்னா, நாலு சக்கர பைக்கு இருக்குல்ல, ஏடிவின்னு சொல்லுவாங்க, டயரு குண்டு குண்டா இருக்குமே, மலை மேல எங்க ஊருக்குச் சுத்திப் பாக்க வந்தா சனங்க அம்பது ரூபா நூறு ரூபா குடுத்து ஓட்டிப் பாப்பாங்களே, அந்த வண்டி பண்ற கம்பெனி. எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பூண்டு போட்டுக்கிட்டு இருந்தோம். பூண்டுல ஒரு வருசம் கெடைக்கும், மூணு வருசம் அழிக்கும். இவருக்கு மெக்கானிக் வேலைன்னா உசுரு. ஊர்ல யாரு மோட்டாரு நின்னாலும் இவரத்தான் கூப்பிடுவாங்க. பேரிக்காத் தோட்டம் ஒண்ண வாடகைக்குப் புடிச்சு, மண்ணக் கொட்டி மேடு பள்ளம் பண்ணி, பழைய டயரச் சுத்தி நட்டு, நாங்க ரெண்டு பேருமே பண்ணுனது. ஒரு கூலியாள் வைக்கல. ஏப்ரல், மே ரெண்டு மாசந்தான் எங்களுக்கு வருசம். மத்த பத்து மாசமும் மழையும் பனியும்.

என் நாத்தனா சொல்லும், நீ வந்த நேரந்தான் என் தம்பி கை போச்சுன்னு. கல்யாணமாகி இருபத்தி மூணு வருசம் ஆச்சு. நான் வந்த நேரம் இருபத்தோரு வருசமா எங்க தூங்கிக்கிட்டு இருந்துச்சாம்? அது கிட்ட கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கும். அது கெடக்கட்டும்.

மே மாசம், ஒரு சனிக்கிழம. ரெண்டு வருசம் முடிஞ்சு போச்சு. ஈரோட்டுக்காரப் புள்ளைங்க, புதுசாக் கல்யாணம் ஆனதுங்க. பையன் ஓட்டுறான், பொண்ணு பின்னாடி உக்காந்து சிரிச்சுக்கிட்டே போவுது. மூணாவது சுத்து. நான் வாசல்ல டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கேன். சீட்டுக்கு அடியில புகை வந்துச்சு. புகைன்னு நெனைக்கிறதுக்குள்ள குப்புன்னு தீ. அந்தப் பையன் குதிச்சு ஓடிட்டான். பொண்ணு துப்பட்டா எங்கேயோ மாட்டிக்கிச்சு. இவரு ஓடிப் போயி அதத் தூக்கி வெளிய போட்டாரு. அதோட விட்டிருக்கலாம். வண்டி சரிவுல உருள ஆரம்பிச்சிருச்சு. கீழ சோளக்கருது விக்கிற எடத்துல பத்து இருவது சனம் நிக்குது. இவரு எரியிற வண்டி ஹேண்டில் பாரப் புடிச்சு நிறுத்துறாருங்க. கையி ஒட்டிக்கிச்சு. கத்துனேன், விடுங்க விடுங்கன்னு. விடல. மண் மேட்டுல மோதி நின்னப்புறந்தான் விட்டாரு. விட்டாருன்னா, பக்கத்துல எங்கள மாதிரியே வண்டி விடுற யூசுப் அண்ணன் வந்து பிரிச்சு எடுத்தாரு.

வலது கையில மூணு விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. இடது கை உள்ளங்கை சுருங்கி மூடிக்கிச்சு. மதுரையில டாக்டர் சொல்றாரு, ஆபரேசன் பண்ணிப் பிரிக்கலாம், ஆனா சீக்கிரம் பண்ணணும், நாளாக நாளாக நரம்பெல்லாம் இறுகிப் போயிரும், அப்புறம் சாமியே வந்தாலும் நீட்ட முடியாதுன்னு. ரெண்டு வருசமா இதத்தான் சொல்றாரு. நாங்களும் கேசு முடியட்டும்னு ரெண்டு வருசமா சொல்றோம். இன்னிக்குக் காலையில பஸ்ஸுக்குக் கெளம்பும்போது சட்ட பட்டன நான்தான் போட்டுவிட்டேன். மானத்த வெளிய சொல்றேன்னு நெனைக்காதீங்க, எல்லாத்துக்கும் நான்தான்.

ஆனா ஒரு வார்த்த குறை சொல்லமாட்டாரு டீச்சர். அதுதான் என்னைக் கொல்லுது. சோத்த உருட்டி வாயில வைப்பேன். மென்னுக்கிட்டே இருப்பாரு, நடுவுல நிறுத்திட்டு, "அன்னிக்குக் காலையிலேயே பெட்ரோல் வாசன அடிச்சுச்சு பாக்கியம். ஊத்தும்போது சிந்திருச்சுன்னு விட்டுட்டேன்"னு சொல்லுவாரு. ரெண்டு வருசமா இதே பாட்டு. அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் உசுரோடயே இருந்திருக்கமாட்டேம்பாரு. மெக்கானிக்கு எனக்கே தெரியலையேம்பாரு. நான் சும்மா சாப்பிடுங்கன்னு சொல்லிட்டு அடுத்த உருண்டைய வைப்பேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க?

ஆஸ்பத்திரியில இருக்கும்போதுதான் ஒருத்தரு வந்து சொன்னாரு, இந்த மாடல் வண்டி நாலஞ்சு ஊர்ல தீப்பிடிச்சிருக்கு, பெட்ரோல் ட்யூப்பு சைலன்சர்ல உரசி உரசி ஓட்டையாகுது, கம்பெனியே வண்டியெல்லாம் திரும்பக் கூப்பிட்டிருக்கான், நீங்க கேசு போடுங்கன்னு. போட்டோம். வக்கீல் ஜெயசீலன்னு, நல்ல பையன். கோர்ட்டுல நிக்கும்போது மட்டும் குரலே வராது அவருக்கு. கம்பெனிக்காரன் வக்கீலு சும்மா கண்டக்டர் மாதிரி கத்துறான்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? தீப்பிடிக்கும், வண்டிய ஓட்டாதீங்க, உடனே நிறுத்துங்கன்னு ஏப்ரல் மாசமே எல்லாருக்கும் ரிஜிஸ்தர் தபால்ல எழுதிட்டோம், இந்தாங்க கடிதத்தோட காப்பி, இந்தாங்க வாங்குனவங்க கையெழுத்துப் போட்ட அட்டைன்னு நீட்டுனான். தபால வாங்கி வச்சுக்கிட்டு, காசுக்கு ஆசப்பட்டு ஓட்டியிருக்காங்க, அதனால தப்பு ஓட்டுனவன் மேலதான், சல்லிக்காசு தரமுடியாதுன்னுட்டான்.

அட்டையில எங்க வீட்டு அட்ரஸு. கீழ அன்னபாக்கியம்னு கையெழுத்து.

என் பேருதாங்க.

வக்கீல் ரூம்புல அந்த அட்டைய மேசையில வச்சு, "இது உங்க கையெழுத்தாம்மா?"ன்னு ஜெயசீலன் கேட்டாரு. நான் வாயத் தொறக்கிறதுக்கு முந்தி இவரு, "அது அவ கையெழுத்து இல்ல சார். எங்களுக்குத் தபாலே வரல"ன்னு சொல்லிட்டாரு. அப்படியே பத்திரத்துல எழுதி, இவருக்குப் பேனா புடிக்க வராதுல்ல, பெருவிரல மையில அமுக்கிக் குடுத்தாரு. என் மேல அம்புட்டு நம்பிக்க அந்த மனுசனுக்கு.

அந்தக் கையெழுத்து நான் போட்டதுதான் டீச்சர்.

நீங்க அப்படிப் பாக்காதீங்க. நான் ஒண்ணும் களவாணிப் பொம்பள இல்ல. அவருகிட்ட எதையும் மறைக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது. இது எப்படி ஆச்சுன்னு கேளுங்க, அப்புறம் சொல்லுங்க.

தீ புடிச்சதுக்கு முந்துன வருசம் சீசன் ஆரம்பிச்ச மூணாம் நாளு, வண்டி ஓட்டுற எல்லாருக்கும் சர்க்கார் ஆபீஸ்லேருந்து ரிஜிஸ்தர் தபால்ல நோட்டீஸ் வந்துச்சு. அந்த லைசென்ஸ் இல்ல, இந்தப் பேப்பர் இல்ல, நிறுத்துன்னு. பிரிச்சுப் படிச்சவங்க பயந்துபோயி வண்டிய மூடி வச்சாங்க. நாங்களும்தான். யூசுப் அண்ணன் மட்டும் ஊர்ல இல்ல, தபால் வந்தது அவருக்குத் தெரியாது, திரும்பி வந்து அவரு பாட்டுக்கு ஓட்டுனாரு. ஆபீஸ்ல கூப்பிட்டு விட்டப்ப, "அல்லா மேல சத்தியமா நான் எந்த நோட்டீஸையும் பாக்கலங்க"ன்னாரு. உண்மைதான அது? சரி போய்யான்னு விட்டுட்டாங்க. அவரு சீசன் முழுக்க ஓட்டிட்டாரு, நாங்க ஈ ஓட்டிக்கிட்டு இருந்தோம்.

அதப் பாத்துட்டு அடுத்த வருசம் ஓட்டுறவங்க எல்லாம் கூடி ஒரு முடிவு பண்ணுனாங்க. சீசன் முடியிற வரைக்கும் ரிஜிஸ்தர் தபால் எது வந்தாலும் வீட்டுப் பொம்பளைங்க வாங்கி வச்சுக்கணும். பிரிக்கக் கூடாது, ஆம்பளைங்ககிட்ட வந்துச்சுன்னு சொல்லவும் கூடாது. சூன் மாசம் எடுத்துக் குடுத்தாப் போதும். ஆம்பளைங்க கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணணும்னாக்கூட பொய்யில்லாமப் பண்ணலாம்ல. பாவம் கீவம் இருந்தா பொம்பளைங்க மேலயே இருக்கட்டும்னு சிரிச்சாங்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டுத்தான் தலையாட்டுனோம். இவரே வீட்டுக்கு வந்து சொன்னாரு, "தபால் வந்தா வாங்கி எங்கேயாவது வையி. எனக்குச் சொல்லாத"ன்னு.

வந்துச்சு. ஏப்ரல் மாசம் தபால்காரரு ஆரோக்கியம் அண்ணன் கொண்டாந்து குடுத்தாரு. நீட்டுக் கவரு. மேல இங்கிலீசுல இருந்துச்சு. போன வருச நோட்டீஸும் அப்படித்தான் நீட்டா, இங்கிலீசுலதான் வந்துச்சு. கையெழுத்துப் போட்டேன், அவரு அட்டையக் கிழிச்சுக்கிட்டுப் போனாரு. கவர, இன்னமும் வீட்டுக்குன்னு கொஞ்சம் போடுறோமே, அந்த வெதப்பூண்டு மூட்டைக்கு நடுவுல சொருகி வச்சேன். சொன்னத சொன்னபடி செஞ்சேங்க நான். எத்தன பொம்பளைங்க பொறுக்கமாட்டாம பிரிச்சுப் பாத்தாளுக தெரியுமா? நான் பிரிக்கல.

தீ புடிச்ச மறுநாளு துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். என்னமோ தோணுச்சு, போயி எடுத்துப் பிரிச்சேன். உள்ள ஒரே ஒரு தாளு. மேல சின்னதா ஒரு படம். எங்க வண்டிதான். சிவப்புக் கலரு, அதே டயரு.

அங்கேயே மூட்டைங்களுக்கு நடுவுல உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியாது. நோட்டீஸ்ல எதுக்குங்க வண்டிப் படம்? எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாட்டியும் புரிஞ்சு போச்சு. இவரு ரெண்டு கையும் எரிஞ்சு அங்க படுத்திருக்காரு, எரியும்னு எழுதுன காயிதத்த பூண்டுக்குள்ள வச்சது நானு.

யார்கிட்ட காட்டுறது? ஊர்ல யார்கிட்ட காட்டுனாலும் சாயங்காலத்துக்குள்ள என் நாத்தனா காதுக்குப் போயிரும். அவருகிட்ட சொல்லலாம்னு எத்தன தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. புண்ணு ஆறட்டும்னேன். புண்ணு ஆறுனப்புறம் கேசு முடியட்டும்னேன். கேசுல அட்டைய நீட்டுனப்புறம் எங்கேருந்து சொல்றது? இளகுன மனசு அவருக்கு, தாங்கமாட்டாருன்னுதான் சொல்லாம இருந்தேன். எனக்காக இல்ல.

இன்னிக்கு என்னைய கூண்டுல ஏத்துறாங்க. கம்பெனி வக்கீலு என்னையக் கேக்கணும்னு எழுதிக் குடுத்து உத்தரவு வாங்கிட்டான். முதல்ல இவரு, அப்புறம் நானு. அங்கேயே வெள்ளப் பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையோட வச்சுப் பாப்பாங்களாம். ஒரு மாசமா வேற மாதிரி கையெழுத்துப் போட்டுப் பழகுறேங்க. நாள்காட்டித் தாளுக்குப் பின்னாடி. "ன்ன" வ சின்னதா, "ம்" முக்கு வால் இல்லாம. ஒரு நாளு இவரு பின்னாடி வந்து நின்னுருக்காரு, நான் கவனிக்கல. "ரொம்ப அழுத்தாத பாக்கியம், நிறுத்தி நிறுத்தி எழுதாத"ன்னாரு. தாளு கிழிஞ்சுரும்னு சொல்றாரு போலன்னு, "மகளிர் குழுவுக்கு எழுதுறேன்"னு சொல்லி மடிச்சு வச்சுட்டேன்.

சரி, உண்மையச் சொல்லிடறேன். நான் சும்மா வந்து இந்த சீட்டுல உக்காரல. பின்னாடி எத்தனையோ சீட்டு காலியாக் கெடக்கு. நீங்க இங்கிலீசு பேப்பர் திருத்துறதப் பாத்துட்டுத்தான் வந்தேன். நீங்க எங்க ஊரும் இல்ல, இன்னிக்கு வரைக்கும் என்னையப் பாத்ததும் இல்ல.

இந்தாங்க. ரவிக்கைக்குள்ள வச்சு கசங்கிப் போச்சு. அடுத்த வளைவுல வெளிய வீசிரலாம்னுதான் கொண்டாந்தேன். மூணு வளைவா கையில வச்சுக்கிட்டே வாரேன், வீச வரல. இவனுங்க என்னதான் எழுதியிருந்தாங்க, நான் எதத்தான் மறைச்சேன்னு ஒரு தடவ கேட்டுடணும். கேட்டுட்டு வீசிடறேன். மெதுவாப் படிங்க. தமிழ்ல சொல்லுங்க.

ம்.

ம். வாடிக்கையாளருக்கு வணக்கம். சரி.

பெட்ரோல் ட்யூப்புல என்னது? மேம்பாடா? மேம்பாடுன்னா... நல்லதாக்குறதா? சரி. அடுத்து சர்வீசுக்குக் கொண்டு வரும்போது காசில்லாம மாத்தித் தர்றோம். ம். உங்க வசதிப்படி வரலாம்.

என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க.

அதுவரைக்கும் வண்டிய வழக்கம்போல ஓட்டலாமா?

இல்லீங்க, நல்லாப் பாருங்க. கண்ணாடியப் போட்டுப் பாருங்க. தீன்னு இருக்கும். நிறுத்துன்னு இருக்கும். ஜெயசீலன் காப்பியப் படிச்சுக் காட்டுனாருங்க, மூணு எடத்துல தீ, தீன்னு வந்துச்சு, உடனே நிறுத்துன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்குன்னாரு. எனக்கு மனப்பாடம் அது. பின்பக்கம் பாருங்க. ஒண்ணுமில்லையா? தேதி? ஏப்ரல் மூணா? அதுதான். அதே தேதிதான் அந்தக் காப்பியிலயும் சொன்னாங்க. கவர்ல ஒட்டுன ரிஜிஸ்தர் நம்பரா? கவரும் வச்சிருக்கேன், இந்தாங்க. அட்டையிலயும் இதே நம்பருதான் இருக்கணும், வேற தபாலே எங்களுக்கு வரலியே.

அப்ப கோர்ட்டுல குடுத்தது இது இல்ல.

அடப் பாவிகளா. பின்னாடி எழுதிக்கிட்டு வந்திருக்கானுங்களே டீச்சர். எரிஞ்சப்புறம் எழுதிக்கிட்டு வந்து எரியிறதுக்கு முன்னாடி எழுதுனோம்னு சொல்லியிருக்கானுங்க.

இருங்க, இருங்க. அப்ப நான் அன்னிக்கே பிரிச்சு அவரு கையில குடுத்திருந்தாலும், ஏழாங்கிளாஸ் படிச்சவரு, யாரையாவது வச்சுப் படிச்சுப் பாத்துட்டு, ஓட்டலாம்னுதான போட்டிருக்குன்னு ஓட்டித்தான் இருப்பாரு. என்னால இல்ல. என்னால இல்லீங்க அது.

ஐயோ, ரெண்டு வருசம். ஜெயிக்கிற கேச நெஞ்சுல சொருகி வச்சுக்கிட்டு ரெண்டு வருசமா அந்தக் கைய இறுக விட்டிருக்கேன். இத அன்னிக்கே வக்கீலுகிட்ட நீட்டியிருந்தா...

என்ன சொன்னீங்க? வக்கீலுகிட்ட இப்பவே காட்டச் சொல்றீங்களா? எப்படிக் காட்டுறது? தபாலே வரலன்னு அவரு பெருவிரல் வச்சுக் குடுத்திருக்காரே. இதக் காட்டுனா அவரு பொய் சத்தியம் பண்ணுனவருன்னு ஆயிரும். காட்டாட்டி, தீப்பிடிக்கும்னு தெரிஞ்சே ஓட்டுனவருன்னு ஆயிரும். ரெண்டுலயும் அவருதான் மாட்டுறாரு, நான் எங்கேயும் மாட்டல பாத்தீங்களா. பொய்யின்னு தெரிஞ்சா அவரு பண்ணுனாரு? அது என் கையெழுத்து இல்லன்னு நம்பித்தான சொன்னாரு. கூண்டுல நின்னு நானே சொல்லிடறேன், அந்த மனுசனுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் நான் பண்ணுனதுன்னு...

என்ன கேக்குறீங்க?

என் கையெழுத்து அவருக்கு அடையாளம் தெரியாதான்னா... தெரியாம என்ன. கல்யாணமாகி வந்தப்ப படிச்ச மூணாங்கிளாஸும் மறந்துபோயி நான் ரேகை வைக்கிறவ. ரேசன் கடையில எல்லாரு முன்னாடியும் என் பெருவிரல மையில அமுக்குனாங்கன்னு இவருக்குக் கோவம். அன்னிக்கே வந்து அடுப்புக்கரி எடுத்து செவுத்துல எழுதிக் காட்டி, என் கையப் புடிச்சுப் புடிச்சு, பத்து நாளு. "ம்"முக்கு அந்த வால வச்சது அவருதான். அழகா இருக்கும்னு.

...

அவரு ஒரு நொடி கூட யோசிக்கல டீச்சர். அட்டையப் பாத்தாரு. என்னைய ஒரு தடவ பாத்தாரு. இல்ல சார்னாரு.

தெரியும் அவருக்கு. அட்டையப் பாத்த அன்னிக்கேருந்து தெரியும், அழுத்தாத, நிறுத்தி எழுதாதன்னதும் அதனாலதான். தெரிஞ்சுக்கிட்டுத்தான் நான் ஊட்டுற சோத்தத் தின்னுக்கிட்டு, வாசன அடிச்சுச்சு, நான்தான் விட்டுட்டேன், நான்தான் விட்டுட்டேன்னு... என்னைய ஒரு வார்த்த... அவரு தலையிலயே வாரிப் போட்டுக்கிட்டு...

இல்ல, அழல. கண்டக்டர் பாக்குறாரு. தண்ணி வேண்டாங்க.

வத்தலக்குண்டு வந்துருச்சா? பத்து நிமிசம் நிக்கும். இங்க வச்சுச் சொல்லவா? வேண்டாம், டீக்கடையில ஆளுங்க இருப்பாங்க. பஸ் எடுக்கட்டும், எடுத்த உடனே முன்னாடி போயிடறேன். திண்டுக்கல்லுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. அவரு கூண்டுல ஏறுறதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். அந்த வரி இங்கிலீசுல எங்க இருக்குன்னு அந்தச் சிவப்பு மையில... வேண்டாம் வேண்டாம், அதுல எதுவும் எழுதாதீங்க. விரல வச்சுக் காட்டுங்க. மேலேருந்து ஆறாவது வரியா? சரி. வழக்கம்போல ஓட்டலாம். வழக்கம்போல ஓட்டலாம். ஆறாவது வரி.

முதல்ல அதத்தான் சொல்லணும். வாசன அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன, வண்டி பண்ணுனவனே ஓட்டுன்னு எழுதியிருக்கான், உங்க தப்பு இல்லன்னு சொல்லணும். தாள அவரு கையில குடுக்க முடியாது, நான்தான் மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நிக்கணும்.

இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சு, இத்தன நாளா எங்க வச்சிருந்தன்னு அவரு கேட்டுட்டாருன்னா நான் கால்ல விழுந்துருவேன் டீச்சர். கேக்கமாட்டாரு. அதுதான் எனக்குப் பயமா இருக்கு.